அகராதி இடம்பெயர்ந்த கதை

முப்பத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் சீனித்தம்பி தன் மனைவியை ஏமாற்றுவதென்று தீர்மானித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் அவசரப்பட்டு எடுத்த தீர்மானமல்ல. கிணற்றடியில் நின்று, பல் விளக்கி, முகம் கழுவி, மறுபடியும் பல் விளக்கி, ஆற அமர எடுத்த தீர்மானம்.

காலமும் தோதாக இருந்தது. சண்டை ஓய்ந்து ஒரு வருடமாகிவிட்டது. வீதியில் அடிக்கொரு தடவை ஆளை இறக்கிப் பையைக் கிண்டுகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். கடல் வந்து அள்ளிய கல்லடியில் புது ஓட்டு வீடுகள் எழும்பியிருந்தன. ஊரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் சின்னதாக ஒரு சதி செய்தால் யாருக்கும் நட்டமில்லை என்று அவர் நினைத்தார்.

சதி ஓர் அகராதியைப் பற்றியது.

சீனித்தம்பி நீதிமன்றத்தில் முதலியாராக, அதாவது சாட்சி சொல்வதை நீதவானுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவராக, முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை காலமும் அடுத்தவர் சொன்னதையே சொல்லிப் பழகியதால், சொந்தமாக எதையும் சொல்லும் வழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. மனைவி கண்ணகைக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

வீடு அவளுடையது. இந்தப் பக்கத்தில் அதுதான் முறை. வீடுவளவு பெண்ணுக்கு; மாப்பிள்ளை கல்யாணத்தன்று வந்து ஏறுகிறவர். சீனித்தம்பி வந்து ஏறியபோது ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், ஓர் அகராதி, இவ்வளவும்தான் கூட வந்தன. பெட்டியைக் கடல் கொண்டுபோனது. சைக்கிள் விறகுக் கொட்டிலில் சாய்ந்து கிடந்தது. இது என்னுடையது என்று அவர் கைவைத்துச் சொல்ல அந்த வீட்டில் மிஞ்சியது அகராதி மட்டும்தான். அவர் பிறப்பதற்கு முந்திய பதிப்பு. மூன்று பாகம். எந்தப் பாகத்தைத் தூக்கினாலும் இடுப்புப் பிடிக்கும்.

கடல் வந்த அன்று அது அலுமாரியின் தலையில் இருந்ததால் தப்பியது. மூன்றாம் பாகத்தின் அடி மட்டும் நனைந்து ஊதிப்போனது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தவள் கண்ணகைதான். நியாயத்துக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனி அவள் அந்த அகராதிக்கு எமனாக வரப்போகிறாள்.

விசயம் கிளினிக்கில் தொடங்கியது. டொக்டருக்கு மகன் வயதுதான் இருக்கும். கொப்பியில் பெயரைப் பார்த்தார், பிறகு இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஐயா, பேரிலயும் சீனி, இரத்தத்திலயும் சீனி. நாள் முழுக்க என்ன செய்யிறீங்க?"

"வாசிக்கிறன்."

"நடக்கிறதில்லையா?"

"தாள் பிரட்டுறன்."

டொக்டர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் தவணை தந்தார். அதற்குள் சீனி இறங்காவிட்டால் காலையும் மாலையும் ஊசி என்றார். ஷெல் விழுகிற சத்தத்திலும் நித்திரை கொண்ட மனிதர் சீனித்தம்பி. ஆனால் ஊசி என்றால் அவருக்குக் கால் குளிர்ந்துவிடும். கண்ணகைக்கு ஊசியில் பயமில்லை. அவளுடைய தமையன் இதே சீனி வருத்தத்தில் முதலில் ஒரு விரலைக் கொடுத்து, பிறகு ஒரு காலைக் கொடுத்து, பிறகு மிச்சத்தையும் கொடுத்துவிட்டுப் போனவர். பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

வந்ததும் அவர் வழக்கம்போலச் சாய்மனைக்கதிரையில் விழுந்து, மூன்றாம் பாகத்தை மடியில் ஏற்றினார். குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க, புட்டுக்கு மா அரிச்சித் தாங்க."

"வாறன்."

வருவதாகத்தான் இருந்தார். ஆனால் மடியில் அகராதி இருக்கும்போது காதில் ஒரு சொல் விழுந்தால் மனிதன் என்ன செய்வான்? ஒரு பார்வை பார்த்துவிட்டு எழும்பலாம் என்று பிரித்தார். மா என்றால் அரிசி மா. மா என்றால் மாமரம். மா என்றால் யானை, குதிரை. இலட்சுமியும் மாதான், கறுப்பு நிறமும் மாதான், நிலம் அளக்கிற ஓர் அளவும் மாதான். குதிரை என்றதும் முதலாம் பாகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அதில் குதிரையின் நடை ஐந்தும் பேர் பேராக இருந்தன. ஐந்தாவது நடைக்கு அவர் வந்தபோது புட்டு அவிந்து, கண்ணகை சாப்பிட்டு, சட்டியும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"மா அரிக்கக் கேட்டு ஒண்டரை மணித்தியாலம்," என்றாள். "எங்க போயிருந்தீங்க?"

"குதிரைக்கு," என்றார் சீனித்தம்பி. நீதிமன்றத்தில் இருந்தவர்; பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்கிற மகள் தக்ஷாயினி வீட்டுக்கு வந்தாள். வரும்போது கையில் ஒரு புது அகராதி. தாய் தொலைபேசியில் சொல்லி வாங்குவித்தது.

"கையில புடிச்சிப் பாருங்கப்பா, பாரமே இல்ல. எழுத்துப் பெருசு. கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்."

வாங்கிப் பார்த்தார். தாள் பால் வெள்ளை. உப்பு வாசமில்லை, கற்பூர வாசமில்லை, இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டையில்லை. மா என்ற சொல்லைத் தேடினார். உடனே கிடைத்தது. அரிசி முதலானவற்றை இடித்து எடுக்கும் தூள், மாமரம். உதாரணத்துக்கு ஒரு வாக்கியமும் இருந்தது: அம்மா மா அரித்தாள். அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டது. மூடி வைத்துவிட்டு எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

"பாத்தீங்களா," என்றாள் கண்ணகை. "கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டு ஆளை விடுது. உங்கட பழசு விடுமா?"

"இதுல குதிரை எங்க?"

"எங்கட வளவுக்குள்ள குதிரை என்னத்துக்கு?"

மகள் நடுவில் வந்தாள். "அப்பா, பழசில சுனாமி எண்ட சொல்லே இல்ல. இதுல இரிக்கு. கண்ணிவெடி, இடைத்தங்கல் முகாம், எல்லாம் இரிக்கு."

"அதுதான் மகள், எனக்குப் பழசில விருப்பம்," என்றார் சீனித்தம்பி. "அதுக்குள்ள போனா இதுகள் ஒண்டும் இன்னும் நடக்கல்ல."

கண்ணகை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது. கடல் வந்த அன்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் அந்தச் சொல் தெரியாது. கடல் வருது என்று கத்திக்கொண்டுதான் எல்லோரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். மனம் இளகத்தான் பார்த்தது. ஆனால் தமையனின் கால் ஞாபகத்துக்கு வந்ததும் அவள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பழைய பேப்பர் போத்தல் எடுக்கிறவன் வருவான்," என்றாள். "மூண்டையும் நிறுத்துக் குடுக்கப்போறன். சொல்லிப்போட்டன்."

கிணற்றடித் தீர்மானம் இதற்கு அடுத்த நாள்தான் எடுக்கப்பட்டது.

காத்தான்குடியில் ஆதம்பாவா இருந்தார். நீதிமன்றத்தில் அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுத்த பழைய கூட்டாளி. இப்போது வீட்டுக்குப் பின்னால் மூன்று தறி போட்டு, இடுப்பில் உடுக்கிற சாரம் நெய்விக்கிறவர். சீனித்தம்பி கொட்டிலுக்குள் ஒளிந்து நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், ஒரு பொதியைக் கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பியா?"

"கொண்டா மச்சான்," என்றார் ஆதம்பாவா. என்ன பொதி, ஏது பொதி என்று கேட்கவில்லை. நட்பென்றால் இதுதான் என்று சீனித்தம்பிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

செவ்வாய்க்கிழமை கண்ணகை சந்தைக்குப் புறப்பட்டாள். "வர ரெண்டு மணித்தியாலம் செல்லும்," என்றாள். படலையைத் தாண்டியதும் திரும்பி நின்று, "ரெண்டு மணித்தியாலம்," என்று மறுபடியும் சொன்னாள். சீனித்தம்பி தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு, மூன்று பாகத்தையும் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிச் சைக்கிளில் ஏற்றினார். டயரில் காற்று இருந்ததையும் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பஸ்ஸில் போவது அபாயம். கல்லடியில் பாதிப்பேர் அந்த பஸ்ஸில்தான் இருப்பார்கள். அவர் இறங்குவதற்கு முன் செய்தி கண்ணகையிடம் இறங்கிவிடும். சைக்கிளில் கடற்கரை வீதியால் போனால் காண ஆளில்லை. மூன்று மைல். பத்து வருடமாக மிதிக்காத கால் முதலாவது மைலிலேயே அழுதது. அகராதிக்காகப் பொறுத்துக்கொண்டார்.

வழியில் ஒரே ஒரு இடத்தில் மறித்தார்கள். சாக்குக்குள் என்ன என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். அகராதி என்று அவரும் சிங்களத்தில் சொன்னார். அவன் ஒரு பாகத்தை வெளியே எடுத்து, கை தாழ்ந்துபோக, "உங்கட பாசையில இவ்வளவு சொல்லா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தான். முன்னைய காலமாக இருந்தால் மூன்று பாகத்தையும் பக்கம் பக்கமாகப் பிரட்டி முடிய மறுநாள் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "புத்தகத்தை நூல்நிலையத்துக்குக் குடுத்திட்டன்."

"நல்லதாப் போச்சு."

"மறுகா, இன்னொண்டு, ஓய்வூதியர் சங்கத்தில எழுத்து வேலை இரிக்காம். ஒவ்வொரு நாளும் வரட்டாம்."

"போயிட்டு வாங்க. சங்கம் முக்கியம்தானே."

குறுக்கு விசாரணை ஒன்றுமில்லை. முப்பது வருடம் சட்டத்தரணிகளின் குறுக்கு விசாரணையைக் கேட்ட மனிதருக்கு அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்படுவார். ஒன்பதுக்குத் தறிக்கொட்டிலில் இருப்பார். ஆதம்பாவாவின் மனைவி ஹிதாயா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். வாயில் வைத்தால் சீனி இல்லை.

"ஹிதாயா, சீனி போடல்லையா?"

"சீனி முடிஞ்சி போச்சு காக்கா." அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மறுநாளும் முடிந்துபோயிருந்தது. அதற்கு அடுத்த நாளும். முழுக் காத்தான்குடியிலும் சீனி இல்லாமல் போகாதே என்று யோசித்தார். பிறகு, பாவம், வீட்டில் ஏதோ இறுக்கமாக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மணித்தியாலம் வாசிப்பார். சிலவேளை ஆதம்பாவாவும் கிட்ட வந்து குந்துவார். பாவு, ஊடை என்று தறிச் சொற்களைப் பார்க்கச் சொல்வார். நெசவுக்கு மட்டும் இத்தனை சொல் அதற்குள் கிடக்கிறதா என்று அவருக்கு ஆச்சரியம்.

"மகன்ட போனுக்குள்ளயும் அகராதி இரிக்கு மச்சான். ஊடை எண்டு கேட்டா ஒண்டுமில்ல எண்டு சொல்லுது."

"அதுக்கு அவசரம். இதுக்கு அவசரமில்ல," என்பார் சீனித்தம்பி.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் போனபோது புத்தகம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் தறிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"பயப்பிடாத மச்சான்," என்றார் ஆதம்பாவா. "கொட்டில் கூரை மாத்தப்போறன். தூசி படுமெண்டு பாலமுனையில ராத்தா வீட்ட கொண்டுபோய் வச்சிட்டன்."

"பாலமுனையா? அது இன்னும் ரெண்டு மைல்."

"ஓம். நல்ல ரோட்டுத்தான்."

சீனித்தம்பி பெருமூச்சு விட்டு மறுபடியும் சைக்கிளில் ஏறினார். கல்லடியில் ஒவ்வொரு குடும்பமும் நாலைந்து தரம் இடம்பெயர்ந்திருக்கிறது. அகராதி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தது தன் தவறு என்று தேற்றிக்கொண்டார். பாலமுனையில் ஆதம்பாவாவின் அக்கா, சித்தி நபீஸா என்று பெயர் கொண்டவள், மூன்று பாகத்தையும் நல்ல துணியில் சுற்றி வைத்திருந்தாள். அங்கேயும் தேத்தண்ணிக்குச் சீனி முடிந்துபோயிருந்தது. கடித்துக்கொள்ளக் குரக்கன், அதாவது கேழ்வரகு, ரொட்டி மட்டும் தந்தாள்.

இரண்டாம் மாத முடிவில் அவருடைய இடுப்புப் பட்டிக்கு ஒரு புதுத் துளை போடவேண்டி வந்தது. மூன்றாம் மாதம் இன்னொன்று. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. இதற்கெல்லாம் காரணம் அகராதிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பழைய அகராதியை நிம்மதியாக இருந்து வாசித்தால் உடம்பு தானாகச் சீர்ப்படும் என்று ஆதம்பாவாவுக்கு விளக்கினார். ஆதம்பாவா இருமினார். சிரிப்பை அப்படி மறைக்கலாம் என்பது சீனித்தம்பிக்குத் தோன்றவில்லை.

கிளினிக் நாள் வந்தது. போகும் வழியெல்லாம் அவர் இடுப்புப் பட்டியின் புதுத் துளைகளைத் தடவிக்கொண்டே போனார். ஊசி என்று தீர்ந்துவிட்டால் கண்ணகை படலைக்கு வெளியே விடமாட்டாள். பாலமுனையும் போய்விடும், அகராதியும் போய்விடும். ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் பக்கத்தில் இருந்த கண்ணகை முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் பயம்தான் என்பது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்தார். பெயர் சரிதானா என்று கொப்பியையும் பார்த்தார்.

"ஐயா, சீனி நல்லா இறங்கியிருக்கு. ஊசி தேவையில்ல. இந்தக் குளிசையே போதும். என்ன செய்தீங்க?"

சீனித்தம்பிக்கு உடம்பு முழுக்க லேசானது. அகராதி வைத்தியத்தை இங்கே சொல்லலாமா கூடாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணகை பதில் சொன்னாள்.

"முதல் மாசம் காத்தான்குடிக்குப் போக மூண்டு மைல், வர மூண்டு மைல், டொக்டர். மறுகா பாலமுனைக்குப் போக அஞ்சு, வர அஞ்சு. எல்லாம் சைக்கிள்ல. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு, ஆதம்பாவா காக்கா ஜும்மாவுக்குப் போறதால."

டொக்டர் அதை அப்படியே கொப்பியில் எழுதினார்.

ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தடிக்கு வந்ததும் சீனித்தம்பி கேட்டார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"நீங்க கிணத்தடியில ரெண்டாந்தரம் பல் விளக்கக்குள்ள."

"ஆதம்பாவாவுக்கு?"

"நீங்க அவருக்குப் போன் எடுக்க முதல் நான் எடுத்திட்டன். வேற ஆருக்கிட்டப் போவீங்க நீங்க?"

"பேப்பர் போத்தல்காரன்?"

"அவன் நம்மட தெருவுக்கு வந்து ஆறு மாசம்."

அவர் மரத்தடி வாங்கில் இருந்தார். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"நடங்க எண்டு சொன்னா நடப்பீங்களா? டொக்டர் சொல்லியே கேக்கல்ல. ஆனா புத்தகத்தைத் தூக்கி எட்ட வச்சா, அது எங்க இரிந்தாலும் தேடிப் போவீங்க. அதனாலதான் அப்பிடிச் செஞ்சன்." கசங்கிய முந்தானையை நீவிவிட்டாள். "கடலுக்கும் தப்பி, சண்டைக்கும் தப்பி வந்த மனுசனை நான் ஒரு கதிரைக்குக் குடுக்க ஏலாது."

கோபம் வரவேண்டிய இடம் அது. சீனித்தம்பி கொஞ்சம் தேடியும் பார்த்தார், அகப்படவில்லை. ஊசி இல்லை, அகராதி பத்திரம், மூன்று மாதமாக நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்த பொய்யும் இனி இல்லை. அவ்வளவு நிம்மதியாக அவர் அந்த வருடத்தில் எங்கேயும் இருந்ததில்லை. முப்பத்துநான்கு வருடம் இந்த மனுசியிடம் தோற்றது வீண்போகவில்லை என்று நினைத்தார். அதை அவர் வாய்விட்டும் சொன்னார். கண்ணகை முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, சனம் பார்க்குது என்றாள்.

"புத்தகம் வீட்ட வருமா?"

"வரும். இனி அதுக்கென்ன தடை?"

சனிக்கிழமை காலையில் ஆதம்பாவா மோட்டார் சைக்கிளில் சாக்குப் பொதியோடு வந்தார். வைத்ததும் அவசர வேலையென்று புறப்பட்டுவிட்டார். அலுமாரியின் தலை தூசி தட்டித் துடைக்கப்பட்டிருந்தது. கண்ணகை குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். வாவி நண்டு, காலையிலேயே ஆள் வைத்து வாங்கியது. சீனித்தம்பி சாக்கை அவிழ்த்து, முதலாம் பாகத்தை மடியில் ஏற்றிக்கொண்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு தன் கதிரையில் சாய்ந்தார்.

நண்டு வாசம் வந்தது. நண்டுக்கு அலவன் என்று ஒரு பெயர் உண்டே என்று பிரித்தார். அலவன் இருந்தது. ஆண் நண்டு என்றிருந்தது. வகைகளுக்கு நண்டு என்ற சொல்லைப் பார்க்க என்றும் இருந்தது. அது இரண்டாம் பாகம். பக்கத்தில் கிடந்த சாக்குக்குள் கையை விட்டார். அடிவரைக்கும் விட்டார். அங்கே ஒரு பழைய தலையணை இருந்தது.

புது அகராதியை எடுத்துப் பார்த்தார். நண்டு: கடினமான ஓடும் பத்துக் காலும் உள்ள, நீரிலும் நிலத்திலும் வாழும் ஓர் உயிரினம். சரிதான். குற்றம் சொல்ல இடமில்லை. அதை மூடி வைத்தார்.

"கண்ணகை, ரெண்டாம் பாகம் எங்க?"

"பாலமுனையில."

"மூண்டாம் பாகம்?"

"காத்தான்குடியில."

"எல்லாம் வீட்ட வருமெண்டு சொன்னயே."

"வரும், ஒவ்வொண்டா வரும். டொக்டர் சைக்கிளை நிப்பாட்டச் சொல்லல்லையே."

சீனித்தம்பி புது அகராதியைப் பார்த்தார். மடியில் இருந்த பழையதைப் பார்த்தார். நண்டில் எத்தனை வகை என்று தெரியாமல் இன்றைக்கு நண்டுக் கறி இறங்காது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மெதுவாக எழும்பி, கொடியில் கிடந்த சேட்டை எடுத்துக் கொளுவி, பித்தான் பூட்டினார்.

கண்ணகை குசினியிலிருந்து திரும்பியும் பார்க்கவில்லை. "வெயில் ஏற முதல் போங்க, சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வச்சிரிக்கன்."